பொதுப்பள்ளியின் வாயில்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இந்நன்னாளில் உங்கள்முன் நின்று கல்வியைப் பற்றிச் சில சொல்லுமாறு நம் சங்கத்துச் செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். யான் பெரும் பேச்சாளன் அல்லேன். புலவர் பட்டம் பெற்று, இருபதாண்டுகளாக ஓர் அரசினர் உயர்நிலைப் பள்ளியில் பிள்ளைகட்குத் தமிழ் கற்பித்து வருபவன். புணர்ச்சி விதியும் பொருள்கோளும் அன்றி இவனுக்கு வேறென்ன தெரியும் என்று இங்குள்ளாருட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும், பள்ளிக்கூடத்தின் உள்ளேயே வாழ்நாளிற் பாதியைக் கழித்தவன் என்னும் உரிமை ஒன்று எனக்குண்டு. அவ்வுரிமை பற்றியே பேசத் துணிகின்றேன்.

இன்று மாலை இவ்வவையின் முன் ஒரு தீர்மானம் வரவிருக்கின்றது. சங்கத்தின் கல்வி நிதியை எவ்வழியிற் செலவிடுவது என்பதே அது. நம் மரபினர் பிள்ளைகட்கென்றே தனியாக ஓர் ஆங்கிலப் பள்ளி நிறுவுதல் வேண்டும் என்பது சிலர் கருத்து. இப்பொழுது போலவே மிகுந்த மதிப்பெண் பெற்றார்க்குப் பரிசில் வழங்கினால் அமையும் என்பது வேறு சிலர் கருத்து. இருசாராரும் நம் பிள்ளைகளின் நலத்தையே நாடுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆனால், கையுயர்த்துமுன் நம் புதுக்கோட்டைச் சீமையின் பள்ளிக்கூட வரலாற்றை ஒருகால் நினைவுகூர்தல் நலம் என்பது என் விண்ணப்பம்.

நம் நாடு எழுத்துக்குப் புதிய நாடு அன்று. சித்தன்னவாசற் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகையிலே, சமண முனிவர் படுத்துறங்கிய கற்படுக்கையின் அருகில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் வெட்டிய தமிழ் எழுத்துக்கள் இன்றும் நிற்கின்றன. குடுமியான்மலையில் ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் இசைக் கல்வெட்டு இருக்கின்றது. இவற்றைக் காட்டி நாம் பெருமை பேசுகின்றோம், பேசுவதும் தக்கதே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அக்கல்லின் அடியில் ஆடு மேய்த்த சிறுவனுக்கு அவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவாரும் இலர். படிக்கக் கற்பிப்பாரும் இலர். எழுத்து இருந்தது, பொதுப்பள்ளி இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்தனவே என்பீர்கள். இருந்தன. மணலில் விரல் வைத்து எழுதியும், பனையோலைச் சுவடி பிடித்தும், எண்சுவடியை உரக்க ஓதியும் நம் முன்னோர் கற்றனர். அவ்வாசிரியன்மார்க்கு நாம் என்றும் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் அத்திண்ணை ஒருவர் வீட்டுத் திண்ணை. அதன்மேல் ஏறுதற்கு உரியார் இவர், உரியரல்லார் இவர் என்னும் வரம்பு எழுதாமலே நிலைபெற்றிருந்தது. பெண்மக்களிற் பெரும்பாலாரும், ஏர்பிடிப்பார் மக்களும், இன்னும் பலரும் அத்திண்ணைக்குக் கீழேயே நின்றனர்.

இந்நிலையில், தொண்டைமான் மன்னருள் இராமச்சந்திரத் தொண்டைமான் ஆட்சிக் காலத்தில், 1857-ஆம் ஆண்டு, புதுக்கோட்டை நகரில் மகாராஜா இலவசப் பள்ளிக்கூடம் தோன்றிற்று. அவ்வாண்டு வடநாட்டிற் பெருங்கிளர்ச்சி எழுந்த ஆண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். சென்னையிற் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அவ்வாண்டிலேயே. பள்ளியின் பெயரைச் சற்று நோக்குங்கள். மன்னர் பெயரும் அதில் உண்டு. இலவசம் என்னும் சொல்லும் உண்டு. இவ்விரண்டு சொற்களும் ஒருங்கு நின்றமையே அப்பள்ளியின் சிறப்பு.

பின்னர் 1878-ஆம் ஆண்டில் சேஷைய சாஸ்திரியார் சமஸ்தானத்துத் திவானாக வந்தார். முன்னரே திருவிதாங்கூரில் திவான் பதவி வகித்து ஆட்சித்திறனிற் பெயர்பெற்றவர் அவர். குடிகளின் விளைவிற் பங்கு கொள்ளும் அமானி முறையை ஒழித்து நிலவரியை ஒழுங்கு செய்தார். நகரத்தின் தெருக்களையும் குளங்களையும் சீர்திருத்தினார். அவர் காலத்திலேயே பள்ளியும் வளர்ந்தது. இன்று மாமன்னர் கல்லூரி எனப்படும் கலைக்கழகம் தன் தோற்றத்தை 1880-ஆம் ஆண்டு முதல் எண்ணுகின்றது. 1891-இல் அஃது இரண்டாந்தரக் கல்லூரியாக உயர்ந்தது. உயர்நிலைப் பள்ளி வகுப்புக்களும் கல்லூரி வகுப்புக்களும் ஒரே நிலையத்தின் இருபடிகளாக விளங்கின. குளம் வெட்டிய கையே பள்ளியையும் வளர்த்தது என்பதில் ஓர் உண்மை இருக்கின்றது. குளத்து நீர் யார்க்கும் பொது என்றால், அறிவு மட்டும் சிலர்க்கே உரியதாதல் எங்ஙனம்?

ஆயினும் பொது என்னும் பெயர் வாயிலில் எழுதப்பட்டமையாலே வாயில் எல்லார்க்கும் திறந்துவிட்டது என்று கொள்ளற்க. அதனை மெய்ப்பித்தது ஒரு பெண்ணின் வரலாறு.

1886-ஆம் ஆண்டு சூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித்துறையிற் பெரும்பணி ஆற்றியவர். தாயார் சந்திரம்மாள், அக்காலத்து உலகம் இழித்துப் பேசிய தேவதாசி மரபிலே தோன்றியவர். பெண் என்பது ஒரு தடை. தாய் பிறந்த குலம் மற்றொரு தடை. இளமையிற் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே கற்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்ற அம்மையார், ஆண்பிள்ளைகள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியிற் சேர விண்ணப்பித்தார். எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வந்தமர்ந்தால் தம் பிள்ளைகளின் ஒழுக்கம் கெடும் என்று அஞ்சினாரும் உண்டு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்புக்குச் செவிசாய்க்கவில்லை. அப்பெண்ணுக்கு இடமளிக்கச் செய்தார்.

அதன் பின் நிகழ்ந்தது உலகம் அறிந்தது. 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டசபையில் உறுப்பினராய் அமர்ந்த முதற் பெண்மணியும் ஆனார். அதன் துணைத்தலைவராகவும் வீற்றிருந்தார். கோவில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடுத்த போர் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறைவேறிற்று. ஆதரவற்ற பெண்கட்கு ஔவை இல்லம் கண்டார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவ நிலையம் தொடங்கப்பெறுவதற்கு மூலமானார். இன்று நம்மவருள் எத்தனை குடும்பத்தார் அந்நிலையத்தின் வாயிலில் நின்று நலம் பெற்று மீண்டிருக்கின்றனர்! ஒரு கல்லூரியின் வாயில் ஒரு பெண்ணுக்குத் திறவாதிருந்தால், அம்மருத்துவ நிலையத்தின் வாயிலும் நமக்கு இல்லாமற் போயிருக்கும். இதனை நன்கு எண்ணிப் பாருங்கள்.

அதே கல்லூரியிற் பயின்ற மற்றொருவர் தீரர் சத்தியமூர்த்தி. 1887-இல் திருமயத்திற் பிறந்தவர். நாவன்மையாலே நாட்டு விடுதலைக்கு உழைத்தவர். 1939-இல் சென்னை மாநகரத் தந்தையாய் விளங்கியவர். நாடு விடுதலை பெறுவதைக் காணாமலே 1943-இல் மறைந்தார். அவரைத் தம் அரசியற் குருவாகக் கொண்டவர் விருதுநகர்க் காமராசர். திருமயத்துச் சிறுவனுக்குக் கல்லூரி வரை கற்கும் வாய்ப்புக் கிடைத்தது. விருதுநகர்ச் சிறுவன் இளமையிலேயே படிப்பை விட நேர்ந்தது. படிப்பை இழந்த அவரே 1954-இல் முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்தார். 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இழந்தவனுக்கே பொருளின் அருமை தெரியும் என்பது இதுதான்.

1948-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. மன்னர் ஆட்சி போயிற்று, பள்ளி போகவில்லை. 1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அரண்மனையே மாவட்ட ஆட்சியர் அலுவலகமாயிற்று. இராணியார் பெயர் தாங்கிய அரசினர் மகளிர் பள்ளி இன்றும் நகரின் நடுவே பெண்மக்கட்குக் கல்வி வழங்கி வருகின்றது. 1978 முதல் பதினொன்றாம் பன்னிரண்டாம் வகுப்புக்கள் பள்ளியோடு சேர, பல உயர்நிலைப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாயின. 1982-இல் மதிய உணவு சத்துணவாய் விரிந்தது. 1991-இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, வயல்வேலைக்கும் கல்லுடைக்கவும் சென்ற பெண்கள் இரவில் விளக்கொளியில் அரிச்சுவடி கற்றதையும், ஆயிரக்கணக்கானோர் மிதிவண்டி ஓட்டப் பழகியதையும் உங்களில் நடுவயதினர் கண்ணாற் கண்டிருப்பீர்கள். அன்று தாய்மார் ஏறிய மிதிவண்டியில் இன்று அவர்தம் பேத்தியர் பள்ளி செல்கின்றனர்.

இக்காலத்துப் பொதுப்பள்ளியில் என்ன இருக்கின்றது என்று வினவுவோர்க்கு ஒரு சொல். பாடநூலும் சீருடையும் விலையின்றிக் கிடைக்கின்றன. நாட்டுநலப் பணித் திட்டம், தேசிய மாணவர் படை, சாரணர் இயக்கம் ஆகியவை பல பள்ளிகளில் நடைபெறுகின்றன. அரசுப்பள்ளி மாணாக்கர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது. அரசுப்பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்கட்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கப்பெற்றது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்காற்பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்டிராகவும் இருத்தல் வேண்டும். முத்துலட்சுமி அம்மையாரை உள்ளே விட வேண்டாம் என்று பெற்றோர் சிலர் வாயிலில் நின்ற காலம் போய், தாய்மாரே உள்ளே அமர்ந்து பள்ளியின் காரியங்களை நடத்தும் காலம் வந்திருக்கின்றது. அக்குழுவில் நம் சங்கத்துத் தாய்மார் எத்தனை பேர் இருக்கின்றீர்கள் என்று யான் கேட்கப் போவதில்லை. நீங்களே உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுகாறும் பிறர் வரலாறு கூறினேன். இனி என் குற்றம் ஒன்றை இவ்வவையின் முன் கூறுதல் வேண்டும்.

எட்டாண்டுகட்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். நம் மரபைச் சேர்ந்த பெண்தான், பெயர் சொல்லேன். செய்யுளைப் பிரித்துப் பொருள் கூறுவதில் அவளுக்கு ஒப்பாக ஒருவரை யான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பத்தாம் வகுப்பிலே தமிழில் 96 மதிப்பெண் பெற்றாள். அவ்வாண்டு இதே மேடையில் நம் சங்கம் அவளுக்கு ஒரு குத்துவிளக்கைப் பரிசாக அளித்தது. நாம் எல்லோரும் கைதட்டினோம். யான் சற்று மிகுதியாகவே தட்டினேன்.

எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிவது. மேலே படிக்க வேண்டுமாயின் பேருந்தேறி நகரத்துக்குச் செல்லுதல் வேண்டும். பள்ளி திறந்த பின்னும் அவள் தன் மதிப்பெண் சான்றிதழை வாங்க வரவில்லை. அலுவலக அலமாரியில் அது கிடந்ததை யான் கண்டேன். அவள் வீடு இரண்டு கல் தொலைவு. வருகின்ற சனிக்கிழமை போய் வரலாம் என்று நினைத்தேன். அச்சனிக்கிழமை உறவினர் வீட்டில் ஒரு திருமணம். அடுத்த சனிக்கிழமை நல்ல மழை. தலைமையாசிரியர் கேட்டிருப்பார் என்று எண்ணினேன். சங்கத்தார் கேட்டிருப்பர் என்றும் எண்ணினேன். பின்பு எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஈராண்டு கழித்துப் பொங்கலுக்கு முன்னாள் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் என்முன் வந்து கைகூப்பினாள். அவளேதான். திருப்பூரில் ஒரு பனியன் தொழிற்கூடத்தில் வேலை பார்ப்பதாகவும், பண்டிகைக்கு ஊருக்கு வந்திருப்பதாகவும் கூறினாள். ஏன் அம்மா மேலே படிக்கவில்லை என்று கேட்டேன். சிறிதும் வருத்தமின்றி, நடந்ததைச் சொல்வது போலவே சொன்னாள்: "தனியாக பஸ்ஸில் அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை ஐயா. நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் அனுப்பலாம் என்று இருந்தார்கள். பத்து நாள் பார்த்தோம். அப்புறம் அத்தையோடு அனுப்பிவிட்டார்கள்."

பெரியோர்களே! அப்பெண்ணின் தந்தை கொடியவரல்லர். கல்வியை வெறுத்தவரும் அல்லர். ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர். அச்சொல்லைச் சொல்லும் கடமை எனக்கிருந்தது, யான் செல்லவில்லை. குத்துவிளக்கு அளித்த சங்கமும் செல்லவில்லை. மேடையில் கைதட்ட நூறுபேர் இருந்தோம். இரண்டு கல் நடக்க ஒருவர் இல்லை.

ஆதலாலேயே இத்தீர்மானம் பற்றி யான் வாய்திறக்கின்றேன். நமக்கெனத் தனிப்பள்ளி வேண்டும் என்போரின் வாதத்தை யான் எளிதாகத் தள்ளவில்லை. விருதுநகரில் வணிகப் பெருமக்கள் மகமை நிதியாலும் பிடியரிசியாலும் பொருள் திரட்டி 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலையைக் கண்டனர். காமராசரும் சிலகாலம் அங்கேதான் பயின்றார். அது போற்றத்தக்க அறம். ஆனால், பொதுவாயில்கள் தங்களுக்கு அடைபட்டிருந்த காலத்தில் அவர்கள் தமக்கொரு வாயில் அமைத்தனர். நாளடைவில் அவ்வாயிலும் எல்லா வகுப்புப் பிள்ளைகட்கும் திறந்தது. நமக்கோ இன்று பொதுவாயில் திறந்தே இருக்கின்றது. திறந்த வாயிலின் பக்கத்தில் மற்றொரு சுவர் எழுப்புவதற்கு ஏன் பொருள் செலவிடுதல் வேண்டும்? அச்சுவருக்குள் நூறு பிள்ளைகள் அமரலாம். அவர்களும் கட்டணம் கட்டவல்லார் பிள்ளைகளாகவே இருப்பர். யான் சொன்ன பெண் அங்கும் வந்திருக்கமாட்டாள்.

நம் சங்கத்துப் பொருள் பிறர்க்குப் போவதா என்று ஒரு பெரியவர் நேற்று என்னை வினவினார். நேர்மையான வினா. அதற்கு விடையையும் நேர்மையாகவே சொல்லுதல் வேண்டும். மகாராஜா பள்ளிக்கூடத்துக்கு ஊதியம் கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது? சமஸ்தானத்துக் குடிகள் அனைவரும் செலுத்திய வரியிலிருந்து வந்தது. அத்திண்ணைக்குக் கீழே நின்றார்களே, அவர்கள் உழுத வயலின் வரியில்தான் நம் பாட்டன்மார் படித்து உத்தியோகம் பெற்றனர். அக்கடன் இன்னும் தீரவில்லை. கல்வியிற் சிறந்தவன் எக்குலத்தானாயினும் அவன்வழி உலகம் செல்லும் என்னும் கருத்தை ஒரு பாண்டிய மன்னன் பாடிப் புறநானூற்றில் வைத்துப்போனான். அரசன் உணர்ந்ததைச் சங்கத்தார் உணர்தல் அரிதன்று.

ஆகவே யான் வேண்டுவன மூன்று. முதலாவது, ஆண்டுதோறும் பள்ளி திறந்த பத்து நாளைக்குள், பத்தாம் வகுப்பு முடித்து மேலே சேராத பிள்ளைகளின் பெயரை ஊர்வாரியாகத் தொகுத்து, சங்கத்தார் இருவர், அவருள் ஒருவர் பெண்மணியாக, அவ்வீடுகட்கு நேரிற் சென்று பேசுதல். அப்பிள்ளை எக்குலம் என்று வாயிலிற் கேளாதிருத்தல். இரண்டாவது, கல்வி நிதியிற் பாதியைப் பேருந்துச் செலவு, நூல், விடுதிக் கட்டணம் ஆகியவற்றுக்காக, நின்றுபோகும் நிலையில் உள்ள பிள்ளைகட்கு வழங்குதல். பரிசில் மற்றைப் பாதியில் நடக்கட்டும். குத்துவிளக்கு வேண்டாமென்று யான் சொல்லவில்லை. அதற்கு எண்ணெயும் வேண்டும் என்றே சொல்லுகின்றேன். மூன்றாவது, நம் தாய்மார் தத்தம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக முன்வருதல்.

இவற்றுக்குக் கட்டடம் வேண்டா. கல்வெட்டில் நம் பெயர் பொறிக்கவும் இடமிராது. மிகுதியாக வேண்டுவது கால்நடை ஒன்றே. இவ்வாண்டுப் பட்டியலில் எங்கள் ஊருக்கு உரிய வீடுகட்கு முதலாவதாகச் செல்பவன் யானாக இருப்பேன் என்று இவ்வவையில் உறுதி கூறுகின்றேன். மழை பெய்யினும் செல்வேன். என்னுடன் வரச் சம்மதிக்கும் அம்மையார் ஒருவர் கூட்டம் முடிந்ததும் தம் பெயரைச் செயலாளரிடம் தர வேண்டுகின்றேன்.

1857-இல் ஒரு மன்னர் வாயிலைத் திறந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றொரு மன்னர் அவ்வாயிலை ஒரு பெண்ணுக்காக மேலும் சிறிது அகலத் திறந்தார். இன்று மன்னர் இல்லை. வாயில்வரை பிள்ளையைக் கைபிடித்து அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்முடையதாயிற்று. யான் கூறியவற்றிற் குற்றமிருப்பின் பொறுத்து, குணமிருப்பின் கொண்டு, தீர்மானத்தை நன்கு ஆராய்ந்து முடிவு செய்யுமாறு உங்களைப் பணிவுடன் வேண்டி, என் சிற்றுரையை முடித்துக்கொள்கின்றேன்.